பழைய பூல் கியூ: யார் செய்தது, எதில் செய்தது என்று பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூல் என்ற மேசைப் பந்தாட்டத்தில் பந்தை அடிக்கும் கோல்தான் கியூ. பழைய அமெரிக்க பூல் கியூ ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது பெயரை. பெயர் கிடைத்துவிட்டால் அதோடு தேடலை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு கியூவை ஒரே ஒருவர்தான் செய்திருப்பார் என்ற நினைப்புதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் மூலம். மரம் ஒரு தொழிற்சாலையில் ஒட்டப்பட்டிருக்கும், இரண்டு துண்டுகளைத் திருகிச் சேர்க்கும் ஜாயின்ட் இன்னொருவரின் லேத்தில் (கடைசல் இயந்திரம்) ஏறியிருக்கும், முன்பாதியான ஷாஃப்டைப் பல வருடம் கழித்து மூன்றாமவர் மாற்றியிருப்பார். பழைய கியூக்களில் இது சர்வ சாதாரணம்.

இதற்கு பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்டை விட நல்ல உதாரணம் கிடையாது. பூல் ஹால் சுவரில் வரிசையாக நிற்கும் ஒற்றைத் துண்டு கியூ அது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். ஆனால் அதன் மர இணைப்பு அவ்வளவு உறுதி. நியூயார்க்கின் புரூக்ளினில் ஜார்ஜ் பாலபுஷ்கா 1959இல் கியூ செய்ய ஆரம்பித்தபோது இந்த டைட்லிஸ்டைத்தான் எடுத்து, இரண்டாக வெட்டி, ஜாயின்ட் வைத்து, பிடிக்கு லினன் நூல் சுற்றினார். 1960களின் நடுவிலிருந்து சிகாகோவின் பர்ட்டன் ஸ்பெயின் இணைத்து ஒட்டிய மரத்தையும், 1970களில் பென்சில்வேனியாவின் கஸ் சாம்போட்டி இணைத்து ஒட்டிய மரத்தையும் பயன்படுத்தினார். 1975இல் அவர் இறந்தார். இன்று மிக அதிக விலைக்குப் போகும் கியூக்களில் அவருடையவையும் உண்டு. ஆக, ஒரு அசல் பாலபுஷ்காவிலேயே இரண்டு பேரின் கைவேலை இருக்கிறது. அதனால் 'இதை யார் செய்தது' என்று மொத்தமாகக் கேட்காமல், 'இந்தப் பகுதியை யார் செய்தது' என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்களும் உண்டு. டைட்லிஸ்ட் மரம் தெரிகிறது, எஃகு ஜாயின்ட் இருக்கிறது, அப்படியானால் பாலபுஷ்காதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். டைட்லிஸ்டை வெட்டி இரண்டாக்கியவர்கள் ஏராளம். கைதேர்ந்தவர்களும் செய்தார்கள், வீட்டு கராஜில் லேத் வைத்திருந்தவர்களும் செய்தார்கள். சரி, பாலபுஷ்கா என்று பெயரே எழுதியிருந்தால்? அதுவும் போதாது. அவர் மறைவுக்குப் பிறகு அந்தப் பெயருக்கு உரிமம் பெற்று, ஜப்பானின் அடாம் நிறுவனம் உட்பட, தொழிற்சாலைகள் கியூ தயாரித்தன. 1986இல் வந்த ஒரு பிரபல ஹாலிவுட் படத்தில் பாலபுஷ்கா என்று காட்டியது உண்மையில் ஜாஸ் நிறுவனத்தின் கியூ. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு 'அதே மாதிரி இருக்கிறது' என்று சொல்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

ஆட்டக்காரரின் பெயரைச் செய்தவரின் பெயராக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. வில்லி ஹோப்பி (1887–1959) பில்லியர்ட்ஸ் சாம்பியன். அவர் பெயர் போட்ட கியூவை விற்றது பிரன்ஸ்விக். பெயர் இருப்பதால் அது அவர் கையில் இருந்த கியூ என்றும் ஆகிவிடாது. நிறுவனத்தின் பெயரும் தோராயமான காலத்தைத்தான் சொல்லும். 'பிரன்ஸ்விக்-பால்க்-காலண்டர்' என்ற முழுப்பெயர் 1884 முதல் 1960 வரை புழக்கத்தில் இருந்தது. அதை வைத்து 1920கள் என்று துல்லியமாகச் சொல்ல வழியில்லை. மரத்தில் குத்தியிருக்கும் 18, 19, 20, 21 போன்ற எண்களை மாடல் நம்பர் என்று நினைப்பவர்கள் பலர். பெரும்பாலும் அது அவுன்ஸில் எடை. 19 என்றால் சுமார் 540 கிராம்.

ஜாயின்ட் திருகை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதும் அரைகுறை வேலைதான். 5/16-14 என்றால் திருகின் விட்டம் 5/16 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 14 மரை. பாலபுஷ்கா பயன்படுத்தியது இது. ஆனால் அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் இதையேதான் போட்டார்கள். திருகு பொருந்தாவிட்டால் ஒருவரை விலக்கலாம், பொருந்துகிறது என்பதற்காக உறுதி செய்ய முடியாது. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 5/16-18 என்ற திருகுக்கும் அதே விட்டம்தான், மரை மட்டும் நெருக்கம். வேறு ஷாஃப்டைக் கொண்டுவந்து 'கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது' என்று அழுத்தித் திருகினால் மரை போய்விடும். மரை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே திருகுங்கள்.

கியூவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பாயின்ட்கள்தான். மேப்பிள் மரத்துக்குள் கூர்மையாக ஏறும் கருமர நாக்குகள் அவை. போட்டோவில் பார்த்து இவற்றைப் பற்றி எதையும் சொல்லிவிடாதீர்கள். லென்ஸை எடுத்து நுனியைப் பாருங்கள். மரத்தை வெட்டி ஒட்டிய பாயின்டின் நுனி ஊசி மாதிரி முடியும், மர ரேகை உள்ளே ஓடுவது தெரியும். நுனி லேசாக உருண்டிருந்தால், கணினி இயந்திரம் குடைந்த பள்ளத்தில் பதித்ததாக இருக்கும். 1940களின் கியூ என்று சொல்லப்படுவதில் அது இருக்க நியாயமில்லை. சின்னச் சின்ன அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது வெறும் ஸ்டிக்கர். அப்புறம், நான்கு பாயின்ட்களும் ஒரே உயரத்தில் இல்லையே என்று ஒதுக்கிவிட வேண்டாம். கைவேலையில் நூலளவு ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்யும். டைட்லிஸ்ட் போன்ற முழு இணைப்பில் பாயின்டும் கைப்பிடியும் ஒரே மரத்துண்டு. பிடிக்கு மேலே ஒரு மரம், கீழே வேறு மரம் என்றால், கீழே ஒரு உறை சேர்த்திருக்கிறார்கள், அல்லது அது முழு இணைப்பே இல்லை.

மரத்தை நிறத்தை வைத்துச் சொல்வது பெரிய பொறி. பர்ப்பிள்ஹார்ட் புதிதில் ஊதா. வெளிச்சம் பட்டுப் பட்டு பழுப்பாகிவிடும், அதை ரோஸ்வுட் என்பார்கள். சாயம் ஏற்றிய மேப்பிளைக் கருங்காலி என்பார்கள். கியூவின் அடியில் இருக்கும் ரப்பரைக் கழற்றி, அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வார்னிஷும் சாயமும் படாத வெறும் மரம் அங்கே தெரியும். வெளியே கறுப்பு, உள்ளே வெளிர் மஞ்சள் என்றால் அது கருங்காலி இல்லை.

வெள்ளையாக இருப்பதெல்லாம் தந்தம் என்பது அடுத்த ஆசை. 1860களில் பீலன்-காலண்டர் நிறுவனம் தந்தப் பந்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தது. அந்த முயற்சியில் இறங்கிய ஜான் வெஸ்லி ஹயாட் கையில் உருவானதுதான் செல்லுலாய்டு வணிகம். தந்தத்தைப் போலத் தோன்றும் பிளாஸ்டிக் அவ்வளவு காலமாக இந்த விளையாட்டோடு இருக்கிறது. யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள் இருக்கும். கியூவில் அவை தெரிய வாய்ப்புள்ள இடங்கள் மூன்று: நுனித் தோலான டிப்பைக் கழற்றினால் தெரியும் ஃபெருல் என்ற வெள்ளைக் குப்பியின் முகப்பு, ஜாயின்ட் வளையத்தின் முகப்பு, கியூவின் அடிமுனையில் இருக்கும் அடித்தட்டு. எலும்பு என்றால் நுண்ணிய கருந்துளைகள் தெரியும்.

ஊசியைக் காய்ச்சி வைத்துப் பார்க்கும் சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தந்தமாக இருந்தால் தழும்பு விழும், செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடிக்கும். விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தாலே செல்லுலாய்டில் கற்பூர வாசம் வரும். டெல்ரின் என்ற பிளாஸ்டிக் 1960இல்தான் சந்தைக்கு வந்தது. முப்பதுகளின் கியூவில் டெல்ரின் அடித்தட்டு இருந்தால் அது பின்னால் மாற்றியது. தந்தம் என்று உறுதியாகத் தெரிந்தால் சட்டத்தையும் பாருங்கள். இந்தியாவில் 1986, 1991 திருத்தங்களுக்குப் பிறகு தந்த வியாபாரமே கூடாது. அமெரிக்காவிலும் 2016 முதல் கடும் கட்டுப்பாடு. பிரேசில் ரோஸ்வுட்டும் 1992 முதல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது.

டிப், ஃபெருல், நூல் சுற்று, ஷாஃப்ட் எல்லாம் தேயத் தேய மாற்றுபவை. அவற்றை வைத்து வயது சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் விட மோசமான தவறு, பார்ப்பதற்கு முன்பே சுத்தம் செய்வது. உப்புத்தாள் நான்கு இழுப்பு இழுத்தால் பெயர் முத்திரை போய்விடும், திரும்ப வராது. உலர்ந்த மென்துணியால் துடைப்பது போதும்.

விவரம் தெரிந்தவர்களிடம் காட்டும்போது முழுக் கியூவின் ஒரே படத்தை அனுப்பாமல், ஜாயின்டின் இரு முகங்கள், பாயின்ட் நுனிகள் நான்கும், ரப்பர் கழற்றிய அடித்துளை, பக்கத்தில் ஸ்கேல் வைத்த திருகு ஆகியவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். விற்பதானால், 'டைட்லிஸ்ட் மரம், இரண்டு துண்டாக்கியவர் தெரியவில்லை, ஷாஃப்ட் பிற்காலத்தது' என்று எழுதுங்கள். விவரம் தெரிந்தவர்கள் நம்பி விலை பேசுவது அப்படி எழுதியவரிடம்தான்.