உங்கள் ராசிக்கு எந்த நாய்? பொருத்தம் பார்ப்பது எப்படி

நாய் வளர்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "உன் நட்சத்திரத்துக்கு நாய் ஆகுமாடா?" என்பதுதான். நான் கேட்டை. கல்யாணத்துக்குப் பார்க்கும் பத்துப் பொருத்தத்தில் யோனிப் பொருத்தம் என்று ஒன்று வருமே, அதில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு விலங்கு உண்டு. கேட்டைக்கு மான். திருவாதிரைக்கும் மூலத்துக்கும் நாய். மானும் நாயும் பகை. அந்தக் கணக்குப்படி என் வீட்டில் நாய் கால் வைத்திருக்கவே கூடாது. இதை எழுதும்போது என் பாதத்தின் மேல் தலையைச் சாய்த்துக் குறட்டை விடுகிறது ஒரு கோம்பை நாய். ஆறு வருஷமாயிற்று.

அதனால் ராசி பார்த்து நாயை முடிவு செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் தேடத் தொடங்க அது நல்ல சாக்கு. நாய் வாங்குகிறவர்கள் நாயைப் பற்றி ஆயிரம் கேட்பார்கள், தாங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று மட்டும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். ராசி அதைக் கேட்க வைக்கிறது.

படி 1: எந்த ராசி என்பதில் தெளிவாகுங்கள்

இணையத்தில் சுற்றும் 'மேஷத்துக்கு இந்த நாய்' பட்டியல்கள் பெரும்பாலும் மேற்கத்திய முறை. பிறந்த தேதியில் சூரியன் இருந்த ராசியை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் ராசி என்று சொல்வது சந்திரன் நின்ற இடத்தை. போதாததற்கு, இரண்டு முறைக்கும் ராசி தொடங்கும் புள்ளியே ஏறக்குறைய 24 பாகை தள்ளி நிற்கிறது. ஏப்ரல் 5 பிறந்தவர் அவர்களுக்கு மேஷம். நம் பஞ்சாங்கத்தில் அன்று பங்குனி, சூரியன் மீனத்தில். சந்திரன் எங்கே என்பது தனிக் கதை.

நான் சந்திரன் நின்ற அந்த ஜென்ம ராசியையே எடுப்பேன். சந்திரனை மனோகாரகன் என்கிறார்கள். நாயோடு வாழப் போவது மனசுதானே.

படி 2: பன்னிரண்டை நாலாகச் சுருக்குங்கள்

மேஷம், சிம்மம், தனுசு நெருப்பு. ரிஷபம், கன்னி, மகரம் நிலம். மிதுனம், துலாம், கும்பம் காற்று. கடகம், விருச்சிகம், மீனம் நீர். உங்கள் ராசி எந்தக் கூட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் குணம் உங்களுக்கு ஒட்டவில்லை என்றால், ஒட்டுகிற கூட்டத்துக்குத் தாராளமாக மாறிக்கொள்ளலாம். ஜோசியர் வந்து அடிக்க மாட்டார்.

படி 3: கூட்டத்துக்குள் இனத்தைத் தேடுங்கள்

நெருப்புக்காரர்கள் உட்கார மாட்டார்கள். மேஷத்துக்கு நான் சொல்வது சிப்பிப்பாறை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி முயல் துரத்தப் பழகிய இனம். ஓட இடம் இருந்தால் அதைப் போல அழகான நாய் கிடையாது. இடம் இல்லாவிட்டால் சோபாவைக் கிழித்துவிடும். சிம்மத்துக்கு ராஜபாளையம். வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, ராஜ நடை. 2005-இல் தபால்தலையிலேயே வந்துவிட்டது. ஒரே ஓர் ஆளைத் தலைவராக ஏற்கும். வீட்டில் இரண்டு சிம்மம் இருந்தால் யார் அந்தத் தலைவர் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் சுற்றும் தனுசுக்கு பீகிள் பிடிக்கும், ஆனால் மூக்கு இழுத்த பக்கம் அது போய்விடும். கழுத்துப் பட்டையும் கயிறும் இல்லாமல் வெளியே விடாதீர்கள்.

நிலத்தில் ரிஷபத்துக்கு லாப்ரடார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், இரண்டுக்கும் சாப்பாடு பிடிக்கும். அங்கேதான் ஆபத்தும். பல லாப்ரடார்களுக்குப் பசி அடங்காதது மரபணுவிலேயே இருக்கிறது, ஆசையாகப் போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு வருஷத்தில் நடக்கத் திணறும். மகரத்துக்கு ஜெர்மன் ஷெப்பர்ட், நேரம் தவறாத ஆளுக்கு நேரம் தவறாத நாய். கன்னி என்ற பெயரிலேயே ஒரு நாட்டு நாய் இனம் உண்டு; கன்னி ராசிக்கு கன்னி நாய் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். உண்மையில் அது மோசமான யோசனை இல்லை. முடி குட்டை, சுத்தம் செய்வது சுலபம். ஓட்டம் மட்டும் சிப்பிப்பாறை அளவுக்கே வேண்டும்.

மிதுனத்துக்கு ஸ்பிட்ஸ், இருவரும் வாய் மூட மாட்டார்கள். துலாமுக்கு கோல்டன் ரெட்ரீவர். கும்பத்துக்குத் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்தான் என் தேர்வு. நம் வெயிலுக்கு அதைவிடப் பழகியது வேறில்லை.

நீர் ராசிகளில் விருச்சிகத்துக்கு கோம்பை. தேனிப் பக்கத்து இனம், கருத்த வாய், புது ஆளை லேசில் நம்பாது. என் ஆள் என்பதால் பாரபட்சம் இருக்கலாம். வீட்டை விட்டு நகராத கடகத்துக்கு டாஷ்ஹண்ட், மாடிப்படி ஏறி இறங்க விடாதீர்கள், முதுகு போய்விடும். மீனத்துக்குப் பல பட்டியல்களில் பக் போட்டிருப்பார்கள். சப்பை மூக்கு, நம் கோடையில் மூச்சு வாங்கும். நான் போட மாட்டேன்.

படி 4: இப்போது வெட்டுங்கள்

கையில் இரண்டு மூன்று பெயர் இருக்கும். மே மாதம் மதியம் உங்கள் வாசல் தரையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி தாங்கவில்லையா? அந்தத் தரையில் பனி நாட்டு இனமான ஹஸ்கியை நடத்தலாம் என்ற நினைப்பை அன்றே விட்டுவிடுங்கள். அப்புறம், காலையும் மாலையும் உங்களால் எவ்வளவு நேரம் வெளியே போக முடியும் என்று எழுதுங்கள். ஆசைப்படும் நேரத்தை இல்லை, போன வாரம் நிஜமாக இருந்த நேரத்தை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். ராசி ஒன்று சொல்லி வீடு வேறு சொன்னால் வீடு சொல்வதைக் கேளுங்கள்.

படி 5: குட்டியை நேரில் பாருங்கள்

தாயையும் பாருங்கள், அது பயந்த சுபாவமா, சீறுகிறதா என்று. ராஜபாளையம் குட்டி என்றால் பின்னால் நின்று கை தட்டுங்கள், அந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பது 2017-ஆம் வருஷத்து நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி தப்பு, வாங்காதீர்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கி, அடுத்த ஊசி எப்போது என்று கால்நடை மருத்துவரிடம் குறித்துக்கொள்ளுங்கள். வெறிநோய் ஊசி கட்டாயம்.

குட்டியைக் கூட்டி வர அம்மா நல்ல நாள் பார்ப்பார். பார்க்கட்டும். வெள்ளிக்கிழமையாகப் பார்க்கச் சொல்லுங்கள், முதல் இரண்டு ராத்திரி யாரும் தூங்கப் போவதில்லை.