பழைய ஹையேஸ் வானின் வயரிங்: நீங்களே செய்யக்கூடிய வேலைகள்

இலங்கையில் ஓடுகிற ஹையேஸ் வான்களில் பெரும்பகுதி ஜப்பானில் யாரோ ஓடிவிட்டுக் கப்பலேற்றியவை. என்னிடம் இருப்பது நாங்கள் டொல்பின் என்று சொல்லும் ரகம். 1989க்கும் 2004க்கும் இடையில் ஜப்பானில் விற்ற உடம்பு. காலையிலும் மத்தியானமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், லீவு நாளில் குறிகட்டுவான் அல்லது கதிர்காமம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி கதவைத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் எங்கள் வான்கள் கிழடாகிப் போயின. எஞ்சின் தாங்குகிறது, பொடியும் (வானின் இரும்பு உடம்பு) ஒருமாதிரித் தாங்குகிறது. தொல்லை தருவது வயரிங்.

ஜப்பான்காரன் இழுத்த வயர் நடுவழியில் கெட்டுப்போவது மிக அரிது. மூன்று இடத்தில்தான் கெடும்: வளைந்து நிமிரும் இடம், பொடியில் போல்ட் போட்டு ஏர்த் (கரன்ற் பற்றறியின் மைனஸுக்குத் திரும்புகிற வழி) எடுத்த இடம், இங்கே வந்தபின் யாரோ வெட்டி ஒட்டிய இடம். எந்தப் பழுதென்றாலும் பாகம் வாங்க முதல் இந்த மூன்றையும் பாருங்கள். கொழும்புப் பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் எல்லாம் கிடைக்கும் என்பதற்காக எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை.

ஆயுதம் அதிகம் வேண்டாம். ஒரு டிஜிற்றல் மல்ரி மீற்றர், 12 வோல்ற் பல்பில் செய்த ரெஸ்ற் லாம்ப், வயர் உரிக்கிற குறடு, கிரிம்ப் பண்ணுகிற (இணைப்பு முனையை வயரில் நசுக்கிப் பிடிக்கிற) குறடு, ஈயம் வைக்கிற சோல்டரிங் அயன், சூடுகாட்டினால் சுருங்குகிற குழாய். கறுப்பு டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் வெயிலுக்கு அதன் பசை உருகி வழிந்து, ஒரு வருசத்தில் இணைப்பு அம்மணமாக நிற்கும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 7/0.67 வயரையும் வானில் போடாதீர்கள். ஏழே ஏழு தடித்த கம்பி, அதிர்வில் ஒவ்வொன்றாக முறியும். நிறைய மெல்லிய இழை உள்ள வாகன வயர்தான் வேண்டும்.

பற்றறி கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். எயார் பாக் உள்ள வான் என்றால் பற்றறியைக் கழற்றி ஒன்றரை நிமிடமாவது பொறுத்திருந்து வேலையைத் தொடங்குங்கள். மஞ்சள் நிறச் சொக்கற்றும் மஞ்சள் உறையும் கண்ட இடத்தில் கையையோ மீற்றரையோ வைக்க வேண்டாம். அது எயார் பாக் வழி.

இன்னொன்று, பலர் காசு கொடுத்துப் படித்த பாடம்: ஜப்பான் நவிகேசன் செற் உள்ள வான்களில் பற்றறியைக் கழற்றினால் சில செற்கள் பூட்டிக்கொள்ளும். திரும்பப் பூட்டியதும் ஜப்பான் எழுத்தில் ஒரு இலக்கம் கேட்கும், அல்லது வரைபடம் இருந்த எஸ்டி கார்ட்டைக் கேட்கும். அந்தக் கார்ட்டை யாராவது பாட்டுப் போட எடுத்திருந்தால் கதை முடிந்தது. ஆகவே அப்படியான செற் என்றால், பற்றறி மாற்றும் நேரம் மட்டும் இன்னொரு 12 வோல்ற் பற்றறியை வயரால் சமாந்தரமாகப் பிடித்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள். கழன்றிருக்கும் பிளஸ் கிளிப் பொடியில் முட்டாதபடி ஒரு துணியைச் சுற்றிவிட வேண்டும்.

சரி, மீற்றரை எடுப்போம். இரவு முழுக்க நின்ற வானில் பற்றறி 12.6 வோல்ற் காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதி. எஞ்சினை ஸ்ரார்ட் செய்து கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் உடனே எல்லோரும் சொல்வது "அல்ரனேற்றர் போயிற்றுது அண்ணை" என்பதுதான், அதாவது எஞ்சின் ஓடும்போது பற்றறியைச் சார்ஜ் பண்ணுகிற சாமான். கொஞ்சம் பொறுங்கள். எஞ்சின் ஓட, லைற்றும் ஏசியும் போட்டுவிட்டு, மீற்றரின் ஒரு முனையை அல்ரனேற்றரின் தடித்த பிளஸ் போல்ட்டிலும் மறுமுனையை பற்றறியின் பிளஸ் முளையிலும் வையுங்கள். அரை வோல்ற், ஒரு வோல்ற் என்று காட்டினால் கரன்ற் வழியிலேயே தொலைகிறது. அல்ரனேற்றர் நல்லாகவே இருக்கலாம். 0.2 அளவில் நின்றால் அந்தப் பக்கம் சுத்தம். இதேபோல பற்றறியின் மைனஸ் முளைக்கும் எஞ்சின் புளொக்குக்கும் இடையில் ஒருமுறை, மைனஸ் முளைக்கும் பொடிக்கும் இடையில் ஒருமுறை.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம் ஓடுகிற வான்களில் பழுது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில்தான் அகப்படும். கடலுக்கு நடுவே போகிற தாம்போதியில் அடிக்கிற உப்புக்காற்று ஏர்த் போல்ட்டின் அடியில் பச்சைக் களிம்பாகப் பூக்கும். மேலே பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றி, வளையத்தின் இரு பக்கமும் பொடியும் வெள்ளி மாதிரித் தெரியும்வரை மணல்தாளால் தேய்த்து, இறுக்கியபின் மேலே கிறீஸ் பூசுங்கள். டொயோட்டாவில் ஏர்த் வயர் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் போல்ட் கிடைக்கும்.

உண்மையிலேயே அல்ரனேற்றர்தான் என்று முடிவானால் அங்கே நிறுத்துங்கள். இந்த வான்களின் பழைய டீசல் எஞ்சின்களில் பிறேக்குக்கு வாக்கியூம் கொடுக்கிற பம்ப் அல்ரனேற்றரின் முதுகிலேயே இருக்கிறது. அதற்கு எஞ்சின் ஒயில் குழாயும் போகிறது. பிழையாகப் பூட்டினால் பிறேக் கல்லாகிவிடும். பிள்ளைகளை ஏற்றுகிற வானில் அந்த வேலையை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவேன்.

அடுத்தது பின்கதவு. நம்பர் பிளேற் லைற் எரியவில்லை, பின் வைப்பர் கதவைத் தூக்கிப் போட்டால் மட்டும் வேலை செய்கிறது, பூட்டு ஒருநாள் கேட்கிறது ஒருநாள் கேட்கவில்லை: இப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மாதிரி மூன்று பழுது சேர்ந்து வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். கதவின் மேல் பிணைச்சல் பக்கம், கூரையிலிருந்து கதவுக்குள் போகிற இறப்பர்க் குழாய் ஒன்று இருக்கும். அதன் இரு முனையையும் விரலால் நெம்பிக் கழற்றி ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். உள்ளே வயர்கள் ஒரே வரிசையில் வெடித்திருக்கும். சிலதில் உறை மட்டும் வெடித்துச் செம்பு தெரியும். சிலது முழுதாக முறிந்து, இரண்டு முனையும் கதவு மூடும்போது முட்டி, திறக்கும்போது விலகும். வெளியில் முழுதாகத் தெரிகிற வயரையும் ஒவ்வொன்றாக இலேசாக இழுத்துப் பாருங்கள். உள்ளே முறிந்தது இறப்பர் நூல்போல நீளும்.

இதைப் பெரும்பாலானோர் முறிந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். சில மாதத்தில் பக்கத்தில் முறியும், ஏனென்றால் ஈயம் வைத்த இடமும் முறுக்கிய இடமும் வளையாது. வளைவு முழுவதும் அதன் ஓரத்தில் விழும். வளைகிற பகுதிக்குள் இணைப்பே இருக்கக் கூடாது. குழாயின் நீளத்தைவிட இரு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக, சிலிக்கோன் உறை போட்ட நெகிழ்வான வயரை வெட்டி எடுங்கள். பழைய வயரை கூரைக்குள் ஒரு பக்கமும் கதவுக்குள் ஒரு பக்கமும் வெட்டி, இடைத்துண்டு முழுவதையும் மாற்றுங்கள். இணைப்புகள் ஒன்றுக்கு நேரே ஒன்று வராமல் ஏணிப்படி மாதிரித் தள்ளித் தள்ளி வரட்டும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் முடிச்சுத் தடித்துக் குழாய்க்குள் நுழையாது. சிலிக்கோன் வயர் கடையில் எல்லா நிறத்திலும் இராது. ஆகவே ஒவ்வொன்றாக வெட்டி ஒவ்வொன்றாக இணையுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டிவிட்டுப் பிறகு நிறம் தேடினால் பொழுது அங்கேயே போய்விடும். ஏர்த் வயரையும் இதோடு சேர்த்து மாற்றுங்கள், அது இன்னும் முறியாவிட்டாலும்.

முழு டாஷ்போர்ட் மீற்றர்களும் ஒன்றாகச் செத்து, பற்றறிச் சார்ஜும் நின்றால், "கேஜ்" என்று எழுதிய பியூஸைப் பாருங்கள். பல டொயோட்டாக்களில் ரிவேர்ஸ் லைற்றும் அதே பியூஸில்தான் தொங்குகிறது. ரிவேர்ஸ் கியர் போடும்போது பியூஸ் எரிந்ததென்றால் பழுது பின்பக்க வயரில். எரிந்ததற்குப் பதில் அதே அம்பியர் பியூஸ்தான்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிகரற் ஈயத்தாளைச் சுற்றிப் போடுகிற கலை எங்கள் ஊரில் இன்னும் சாகவில்லை. அப்படிப் போட்ட வானில் அடுத்து எரிவது வயர்.

ஹெட்லைற் வெளிச்சம் காணாது என்று 100 வற் பல்ப் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பல்பின் ஒளி வோல்ற்றோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறையும். 13.5 கிடைக்க வேண்டிய பல்புக்கு 12தான் போய்ச் சேர்ந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணாமல் போகும். எஞ்சின் ஓட, லைற் எரிய, பல்பின் முதுகிலேயே மீற்றரைப் பிடித்து அளந்து பாருங்கள். ஒன்றரை வோல்ற் இழப்பு பழைய வானில் சர்வசாதாரணம். 100 வற் போட்டால் இழப்பு இன்னும் கூடும், பிளாஸ்ரிக் சொக்கற்றும் உருகும். சரியான வழி, பற்றறியிலிருந்து தனித் தடித்த வயரும் பியூஸும் றிலேயும் (சின்னக் கரன்றால் பெரிய கரன்றைத் திறந்து மூடுகிற சுவிட்ச்) போட்டு அதே 60/55 எச்4 பல்பை எரிப்பது.

கடையில் விற்கிற ஆயத்த றிலே வயரிங்கை அப்படியே பூட்டினால் இந்த வான்களில் பலவற்றில் வேலை செய்யாது. கடைக்காரர் சாமான் பழுது என்பார், மாற்றியும் தருவார், அதுவும் வேலை செய்யாது. காரணம், அக்காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் ஹெட்லைற் சுவிட்ச் பிளஸ்ஸை அனுப்புவதில்லை. மைனஸைத்தான் மூடித் திறக்கிறது. பல்பின் பொது முனையில் எப்போதும் பிளஸ் நிற்கும். சோதிக்க, பல்ப் சொக்கற்றைக் கழற்றி, லைற்றைப் போட்டு, மீற்றரின் கறுப்பைப் பொடியில் வைத்து மூன்று முனையையும் அளவுங்கள். டிம்மிலும் பிறைற்றிலும் ஒரே முனையில்தான் 12 வோல்ற் என்றால் உங்கள் வான் அந்த ரகம். அப்போது இரண்டு றிலேயின் 86 என்று இலக்கமிட்ட காலையும் அந்தப் பொது முனையில் சேர்த்து, 85ஐ ஒன்றுக்கு டிம் முனையிலும் மற்றதற்குப் பிறைற் முனையிலும் கொடுங்கள். 30க்கு பற்றறி, 87 பல்புக்கு, பல்பின் பொது முனை பொடிக்கு. பியூஸ் பற்றறியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பியூஸுக்கு முன்னால் உள்ள வயரைக் காப்பாற்ற எதுவுமில்லை. ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓடுகிறார்கள், அதனால் ஹெட்லைற் கண்ணாடி மாற்றத் தேவையில்லை. அந்த அதிர்ஷ்டம் எங்களுக்கு இருக்கிறது.

றேடியோ சின்ன விஷயம். பழைய ஜப்பான் செற் 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் எடுக்கும். எங்கள் எப்எம் 108 வரை போகிறது. சூரியன் எப்எம்மோ சக்தி எப்எம்மோ கேட்க வேண்டுமென்றால் அன்ரனா வயருக்கும் செற்றுக்கும் நடுவில் பாண்ட் எக்ஸ்பாண்டர் என்கிற சின்னப் பெட்டியைச் சொருகி, சாவியோடு வருகிற 12 வோல்ற் கொடுங்கள். 14 குறைக்கிற பெட்டி என்றால் 100 உங்களுக்கு 86இல் கேட்கும். ஆனால் 104க்கு மேலே எட்டாது. எந்த நிலையம் வேண்டும் என்று பார்த்துப் பெட்டியை வாங்குங்கள். சாவி திருப்பும்போதெல்லாம் ஜப்பான் மொழியில் ஒரு பெண்குரல் ஏதோ கேட்கிறதென்றால், அது அந்நாட்டு நெடுஞ்சாலைக் கட்டணப் பெட்டி. தன் கார்ட்டைத் தேடுகிறது. வயரை வெட்டாமல் சொக்கற்றைக் கழற்றிவிடுங்கள்.

பின்சீற்றுக்கு யூஎஸ்பி, கூரைக்கு விசிறி என்று எதைச் சேர்த்தாலும் சிகரற் லைற்றர் வயரில் ஒட்டாதீர்கள். பற்றறியிலிருந்து ஒரு பியூஸ் போட்ட வயர், சாவியோடு திறக்கிற ஒரு றிலே, அதிலிருந்து சின்னப் பியூஸ் பெட்டி ஒன்று. பிறகு எதைச் சேர்த்தாலும் அங்கிருந்து எடுக்கலாம்.

கடைசியாக, நின்ற வானில் பற்றறி இறங்குவது. பள்ளிக்கூட லீவு முடிந்த முதல் நாள் காலையில் தள்ளி ஸ்ரார்ட் செய்கிற வான்கள் எத்தனை! மீற்றரை 10 அம்பியர் துளைக்கு மாற்றி, மைனஸ் கிளிப்பைக் கழற்றி, முளைக்கும் கிளிப்புக்கும் நடுவில் வையுங்கள். அந்த நேரம் சாவியைத் தொடக் கூடாது. ஸ்ரார்ட்டர் இழுக்கிற கரன்றுக்கு மீற்றரின் பியூஸ் போய்விடும். அரைமணி பொறுத்துப் பார்த்தால் 0.05 அம்பியருக்குள் வர வேண்டும். 0.5 என்றால் நாளுக்கு 12 அம்பியர் மணி போகிறது. மூன்றாம் நாள் ஸ்ரார்ட் வராது. பியூஸை ஒவ்வொன்றாக இழுங்கள். எதை இழுக்க விழுகிறதோ அந்த வழியில் கள்ளன்.

நல்ல வானும் ஒரு மாதம் நின்றால் 36 அம்பியர் மணி இழக்கும். அதனால் நான் மைனஸ் வயரில் தடித்த கட் ஓவ் சுவிட்ச் ஒன்றைப் போட்டு, அதன் இரு முனைக்கும் குறுக்கே 5 அம்பியர் பியூஸ் ஒன்றைப் பூட்டியிருக்கிறேன். கிழமை நாளில் இரவு சுவிட்சை நிறுத்தினால் மணிக்கூடும் செற்றும் பியூஸ் வழியாக உயிரோடிருக்கும். நீண்ட லீவுக்கு அந்தப் பியூஸையும் கழற்றிவிடலாம், பூட்டிக்கொள்ளும் செற் உங்களிடம் இல்லாவிட்டால். இதில் இன்னொரு இலாபமும் உண்டு. சுவிட்ச் இருக்கிற இடம் தெரியாத யாராவது சாவியைப் போட்டுத் திருப்பினால் 5 அம்பியர் டப்பென்று எரியும், வான் அசையாது. எஞ்சின் ஓடும்போது மட்டும் சுவிட்சைத் தொடாதீர்கள், அல்ரனேற்றர் தாங்காது.