பாமினியில் வந்த கட்டுரையை ஏற்றும் முன்

சிற்றூர் இணைய இதழுக்குப் படைப்புகள் பெரும்பாலும் உள்ளூர் டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு) அடித்துத்தான் வரும். இணையத்துக்கு ஏற்ற பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியதும் அப்படியே ஏற்றிவிடாதீர்கள்.

பாமினியில் 'ர்', 'ரி' இரண்டையும் துணைக்கால் விசையால்தான் அடிப்பார்கள். சரியில்லாத மாற்றிச் செயலி அதை அப்படியே துணைக்காலாக்கிவிடும். 'அவர்' என்பது 'அவா்' ஆகும். பெரும்பாலும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கூகுளில் 'அவர்' என்று தேடுபவருக்கு அந்தச் சொல் சிக்காமல் போகலாம். 'சேர்ந்த' இன்னும் மோசம்: கொம்பும் காலும் ஒட்டி 'சோ்ந்த' ஆகிவிடும். 'பெரிய' 'பொிய' ஆகும்.

நோட்பேடில் ஒட்டி, கண்ட்ரோல் ஹெச் அழுத்தி மாற்றுங்கள்: 'ா்' → 'ர்', 'ாி' → 'ரி', 'ாீ' → 'ரீ', 'ோ்' → 'ேர்', 'ோி' → 'ேரி', 'ொ்' → 'ெர்', 'ொி' → 'ெரி'. தமிழில் காலுக்குமேல் புள்ளியோ விசிறியோ (ி, ீ) வரவே வராது, அதனால் மொத்தமாக மாற்றலாம், பயமில்லை. குறிகள் தனியாக நிற்கும்போது புள்ளிவட்டத்தோடு தெரியும்; அது பிழையல்ல.

'ஔ' எழுத்து 'ஒ', 'ள' என்று இரண்டாகப் பிரிந்து வந்திருக்கும்; 'ஔவை' போன்ற சொற்களை மட்டும் கையால் திருத்துங்கள். 'ஒள'வை மொத்தமாக மாற்றினால் 'ஒளி'யும் கெட்டுவிடும். கட்டுரைக்கு நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் உருக்குலைந்திருக்கும். மூலப்படியைப் பார்த்துத் திரும்ப அடியுங்கள்.