வெட்டுத் துணியில் குழந்தைக்கு ஒரு புத்தகம்: கையாலேயே தைக்கும் முறை

தாராவி 90 அடி ரோடு பக்கத்துத் தையல் பட்டறைகளில் ‘சிந்தி’ என்று கேட்டால் வெட்டுத் துணி கிடைக்கும். பருத்தியை மட்டும் பொறுக்குங்கள். சாட்டினும் கிரேப்பும் கையில் வழுக்கும், ஓரம் பிரிந்துகொண்டே வரும். துவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். சிவப்பு, கறுப்பு, கருநீலத் துண்டுகளை நனைத்து வெள்ளைத் துணிமேல் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள். குழந்தை இதைக் கடிக்கத்தான் போகிறது.

இங்கே சொல்வது 15 செ.மீ. சதுரப் புத்தகம். மூன்று தாள், நடுவில் மடித்தால் 12 பக்கம். ஒரு தாளுக்கு இரண்டு துணி, உயரம் 17 செ.மீ. (சுற்றிலும் 1 செ.மீ. தையலுக்கு). பாவு நூல் (துணியின் நீளவாட்டில் ஓடும் இழை) மேலிருந்து கீழாக ஓடட்டும்; குறுக்குவாட்டில் வெட்டிய துணி இழுபட்டுக் கோணும்.

அகலத்தில்தான் பலரும் இடறுகிறார்கள். மூன்று தாளையும் ஒரே அகலத்தில் வெட்டினால், மடித்ததும் உள்தாள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வெளித்தாள் மற்ற இரண்டையும் சுற்றி வர வேண்டியிருப்பதே காரணம். காகிதம் என்றால் கடைசியில் ஓரத்தை நறுக்கிவிடலாம். துணியில் அதற்கு வழியில்லை, ஓரம் ஏற்கெனவே மூடித் தைத்தாகிவிட்டது. ஆகவே வெளித்தாள் 32, நடுத்தாள் 31.5, உள்தாள் 31 செ.மீ. உள்ளே தடித்த துணி வைப்பதானால் இந்த வித்தியாசத்தையும் கூட்டுங்கள்.

பக்கத்துக்கான படத்தை, இரண்டு துணியையும் இணைக்கும் முன்பே, ஒற்றைத் துணியில் தைத்துவிடுங்கள். முடிச்செல்லாம் உள்ளே மறைந்துவிடும். எந்தப் பக்கம் எங்கே வரும் என்பதைக் காகிதத்தை மடித்து எண் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பொத்தான், மணி வேண்டாம், பிய்ந்தால் தொண்டையில் சிக்கும்.

உள்ளே வைக்கப் பழைய வேட்டியை இரண்டாக மடித்தாலே போதும். அட்டை வைத்தால் முதல் துவையலில் கூழாகும். தாளுக்கு இரண்டாக 13.5 செ.மீ. அகலம், 14.5 செ.மீ. உயரத் துண்டுகள் வெட்டி, துணியின் உள்புறத்தில் நடுவே 1.5 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு மூன்று தையலில் நிறுத்துங்கள். அந்த இடைவெளியில்தான் புத்தகம் மடியும், ஊசியும் சிரமமில்லாமல் இறங்கும்.

நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, சுற்றிலும் பின்தையல் (ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுப்பது) போடுங்கள். ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டும் ஓட்டுத்தையல், திருப்பும்போதே இளகிவிடும். கீழ் ஓரத்தில் 7 செ.மீ. திறப்பு விடுங்கள், மூலையிலும் மடிப்பிலும் கூடாது. மூலைத் துணியைத் தையலுக்கு 2 மி.மீ. தள்ளி நறுக்கி, திருப்பி, திறப்பை வெளியே நூல் தெரியாத மறைதையலால் மூடுங்கள்.

மூன்று தாளையும் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். கட்டுவதற்கு ஆங்கர் எம்பிராய்டரி நூல், ஆறு இழையும் பிரிக்காமல், மெழுகு தடவி. மடிப்பில் மேலிருந்து 1.5, 4.5, 7.5, 10.5, 13.5 செ.மீ.யில் ஐந்து புள்ளி வையுங்கள். உள்ளிருந்து மூன்றில் வெளியே, இரண்டில் உள்ளே, ஒன்றில் வெளியே, மறுபடி இரண்டில் உள்ளே. மூன்றைத் தாண்டி நான்கில் வெளியே, ஐந்தில் உள்ளே, நான்கில் வெளியே, மூன்றில் உள்ளே. இரண்டு முனையும் நடுவில் ஓடும் நீளநூலின் இரு பக்கமும் வர, இறுக்கி இரட்டை முடிச்சு. முனையை ஒட்ட வெட்டாதீர்கள். ஊசியில் கோத்துத் துணி அடுக்குக்குள் இழுத்துவிடுங்கள்.

மும்பை மழைக்காலத்தில் துவைத்தால் மூடிக் காயப்போடாதீர்கள். நடுப்பக்கத்தில் விரித்துக் கொடியில் குறுக்கே போட்டு, மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். மடிப்பு காய்வதற்குத்தான் நேரமாகும்.