பிள்ளை தெக்கோங் போகும்போது பெற்றோர் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் ஆண் பிள்ளையைப் பெற்றவர்களுக்குத் தேசிய சேவை என்ற கட்டாயப் படைச் சேவை திடீரென்று வந்து நிற்கும் விஷயம் இல்லை. 1967 ஆகஸ்ட்டில் முதல் அணி சேர்ந்ததிலிருந்து வீடு வீடாக அந்த அழைப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. தயாராவதற்கு 18 ஆண்டு அவகாசம். இருந்தும் கடைசி மாதத்தில்தான் வீடு தலைகீழாகிறது. அம்மா ஒரு பக்கம் பட்டியல் போடுகிறார். அப்பா, "எங்க காலத்துல இரண்டரை வருஷம், இப்ப ரெண்டே வருஷம், அதுவும் ஃபோனோட" என்று ஆரம்பிக்கிறார். 2004-இல்தான் இரண்டாகக் குறைத்தார்கள், ஆகவே அவர் சொல்வதில் பொய் இல்லை. பையனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அவ்வளவுதான். தஞ்சாவூரிலிருந்து பாட்டி ஃபோன் செய்து, "பார்டருக்கு அனுப்பிடுவாங்களா?" என்று கேட்கிறார்.

பெரும்பாலான பையன்கள் முதலில் போவது புலாவ் தெக்கோங் தீவிலுள்ள அடிப்படை ராணுவப் பயிற்சி நிலையத்துக்கு. போலீஸுக்கும் குடிமைத் தற்காப்புப் படைக்கும் போகிறவர்களுக்கு இடம் வேறு, பெற்றோர் செய்யும் தவறுகள் மட்டும் அதேதான். பள்ளிக்கூடக் காலம் முழுக்கப் பிள்ளையின் ஒவ்வொரு மணி நேரத்தையும் நாம்தான் பார்த்துக்கொண்டோம். டியூஷன், சிசிஏ என்ற புறப்பாட நடவடிக்கை, தேர்வு எல்லாமே நம் கணக்கில். அந்த வேலையைத் தீவுக்குள்ளும் தொடரப் பார்க்கிறோம். அங்கே அவனுக்கென்று மிஞ்சுவது இரவில் கொஞ்ச நேரம். அதிலும் நம் பயம் பங்கு கேட்டு நிற்கிறது.

மருத்துவப் பரிசோதனையில் மறைப்பது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பையன் தீவுக்குப் போவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இது நடந்து முடிந்துவிடுகிறது.

சேவையில் சேரும் முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையை வைத்துத்தான் பையன் எந்த மாதிரிப் பயிற்சிக்குப் போகலாம் என்று முடிவு செய்கிறார்கள். சில பெற்றோர் இல்லாத நோயைச் சொல்லி லேசான பிரிவுக்கு அனுப்பப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் எடுபடாது, சிறப்பு மருத்துவரின் அறிக்கை கேட்பார்கள். ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. "சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, இப்ப இல்ல, எதுக்குச் சொல்லணும்?" "ஒரு தடவை வெயில்ல மயங்கி விழுந்தான், அதெல்லாம் ஒரு விஷயமா?" ஆமாம், விஷயம்தான். வெப்பத்தால் ஒருமுறை பாதிக்கப்பட்ட உடம்பு, முழுப் பொதியைச் சுமந்து நடக்கும்போது மறுபடி பாதிக்கப்படலாம். கடலை, இறால் ஒவ்வாமையையும் எழுத்தில் கொடுங்கள். ஜி6பிடி என்ற ரத்த நொதிக் குறைபாடு இருந்தாலும் அப்படித்தான். சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளுக்கு இதைப் பிறந்தவுடனேயே சோதித்துவிடுகிறார்கள், பழைய ஹெல்த் புக்லெட்டில் இருக்கும். இந்தியாவில் பிறந்து சிறு வயதில் இங்கே வந்த பிள்ளைகளுக்குச் சோதிக்காமலே விட்டிருக்கலாம், ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மனநலம் என்று வரும்போது நம் வீடுகளில் மௌனம் இன்னும் கெட்டியாகிவிடுகிறது. செகண்டரி மூன்றில் கவுன்சலரைப் பார்த்தான், கொஞ்ச நாள் மாத்திரை எடுத்தான், கையைக் கீறிக்கொண்டான். இதையெல்லாம் சொல்ல மாட்டோம். "ரெக்கார்டுல ஏறிடும்", "நாளைக்கு வேலைக்குப் போகணும்", அப்புறம் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று: பெண் பார்க்கும்போது தெரிந்துவிடுமே. ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்தத் தீவில் உங்கள் மகன் கையில் நிஜத் துப்பாக்கி இருக்கும், நிஜத் தோட்டா இருக்கும், ஒருநாள் நிஜ வெடிகுண்டும் எறிவான். அவன் மனநிலை எப்படி என்று தெரிய வேண்டியவர்களிடம் அதை மறைத்து, இன்னும் பிறக்காத சம்பந்தத்தைக் காப்பாற்றுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம் நிரந்தரவாசக் குடும்பங்களுக்கு உண்டு. "பையன் இந்தியக் குடிமகன்தானே, அவனுக்கு எதுக்கு?" என்று இருந்துவிடுகிறார்கள். பெற்றோர் மூலம் நிரந்தரவாசம் பெற்ற மகனுக்குத் தேசிய சேவை கட்டாயம். அனுமதி வாங்காமல் வெளிநாட்டில் படிக்கப் போய்த் தங்கிவிட்டால் சேர்ப்புச் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கடைசி மாத ஓட்டமும் பீச் ரோடு மூட்டையும்

உடற்தகுதித் தேர்வில் முன்கூட்டியே தேறியவர்களுக்கு முழுநேரச் சேவையில் 2 மாதம் குறைகிறது. அடிப்படைப் பயிற்சியும் சுமார் 9 வாரத்தில் முடிந்துவிடும், தேறாதவர்களுக்கு அதற்கு மேல். இதைக் கடைசி நேரத்தில் கேள்விப்பட்டு, சாதத்தை நிறுத்தி, மதிய வெயிலில் பையனை ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கீழ்க்கால் எலும்பில் வலியோடு தீவில் போய் இறங்குவதுதான் மிச்சம். ஆறு மாதத்துக்கு முன்பே, வாரத்துக்கு மூன்று நாள் மெதுவாக ஆரம்பித்தால் போதும். கடைசி இரண்டு வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான், இரவு மூன்று மணி வரை கேம் விளையாடும் பழக்கத்தை மாற்றுவது. அங்கே விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள்.

அப்புறம் பொருள் வாங்குவது. பீச் ரோட்டில், கோல்டன் மைல் உணவு நிலையத்தின் மாடியில் இருக்கும் ஆர்மி மார்க்கெட்டுக்குப் போனால் கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்தே புது ரெக்ரூட்டின் அம்மா என்று கண்டுபிடித்துவிடுவார். சீருடை, பூட்ஸ், பை எல்லாம் தீவிலேயே தருவார்கள். கண்ணாடி போடுகிற பையன் என்றால் இன்னொரு ஜோடி கண்ணாடி, ஜிப்லாக் பைகள், பவுடர், கொசு மருந்து, பூட்டு, பிளாஸ்டர், பேர் எழுத ஒரு கறுப்பு மார்க்கர். இதற்கு மேல் வாங்குவதெல்லாம் நம் மன ஆறுதலுக்குத்தான். முறுக்கு டப்பா, ஊறுகாய் பாட்டில் வேண்டாம். பங்க் என்ற படுக்கை அறையில் எறும்பு வந்தால் கேள்வி அவன் ஒருவனுக்கு வராது, அவனோடு இருக்கும் சிறு குழுவான செக்‌ஷன் முழுவதற்கும் வரும். சைவம் சாப்பிடும் வீடு என்றால் அதைச் சேரும்போதே சரியாகப் பதிவு செய்ய வேண்டும். உணவுக்கூடத்திலும் சைவம் உண்டு, காட்டில் கொடுக்கும் ரேஷன் பொட்டலத்திலும் உண்டு.

சேரும் நாள்

அன்று பெற்றோரும் படகேறித் தீவுக்குப் போகலாம். பங்க்கைக் காட்டுவார்கள், உணவுக்கூடத்தில் சாப்பாடு போடுவார்கள், பிள்ளைகள் உறுதிமொழி எடுப்பதைப் பார்க்கலாம். எத்தனை பேர் வரலாம் என்று அழைப்பிலேயே இருக்கும். அதைப் படிக்காமல் சித்தி, மாமா, இரண்டு தாத்தா பாட்டி என்று ஒரு வேன் நிறையக் கிளம்பிப் போய் படகுத்துறையில் வாதாடுவது முதல் சங்கடம். அடுத்தது, பல சிறு குழுக்கள் சேர்ந்த பிளட்டூனைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜெண்டைத் தனியே அழைத்து, "தம்பி, இவன் ரொம்ப சென்சிட்டிவ், கொஞ்சம் பாத்துக்குங்க" என்பது. அந்த சார்ஜெண்டுக்கே வயது இருபதுதான் இருக்கும். மருத்துவ விஷயம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். குணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அன்று மாலை உங்கள் பையனுக்கு நான்கு இலக்க எண் ஒன்று கிடைக்கும்: பிளட்டூன், செக்‌ஷன், கட்டில் எண். மற்ற எல்லோரையும்போல அவனும் அந்த எண்ணாக ஆவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. "அம்மா சொல்லிட்டுப் போன பையன்" என்று பெயர் எடுத்துவிட்டால் அது போய்விடும்.

அழுகை வந்தால் அழுங்கள். அதில் தவறில்லை, பாதிப் பேர் அழுகிறார்கள். பையனும் அழ வேண்டும் என்று எதிர்பார்க்காமல் இருந்தால் போதும்.

முதல் இரண்டு வாரம்

கன்ஃபைன்மெண்ட் என்று சொல்லப்படும் இந்த நாட்களில் வீட்டுக்கு விடமாட்டார்கள். ஃபோன் பகல் முழுக்கக் கையில் இருக்காது, இரவில் சிறிது நேரம் கிடைக்கும். அந்த நேரத்துக்குள்தான் குளிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், மறுநாள் சோதனைக்கு அலமாரியை அடுக்க வேண்டும், பக்கத்துக் கட்டில்காரனோடு நாலு வார்த்தை பேச வேண்டும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். அவனைக் கரை சேர்க்கப்போவது அந்தப் பையன்கள்தான். ஃபோனைத் திறந்ததும் அம்மாவிடமிருந்து நாற்பது செய்தி, "ஏன் ரிப்ளை இல்ல?", "சாப்பிட்டியா?", "திட்டினாங்களா?" என்று இருந்தால், அந்த நேரம் நம்மைச் சமாதானப்படுத்துவதிலேயே போய்விடும். ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள், வீட்டில் நடந்த சாதாரண விஷயமாக இருக்கட்டும். அவன் "ஓகே மா" என்று மட்டும் எழுதினால் ஓகே என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் இரவு வருகிற ஃபோன் வேறு மாதிரி இருக்கும். குரல் உடைந்து, "என்னால முடியல" என்பான். இங்கே பெற்றோர் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். உடனே பிளட்டூன் கமாண்டருக்கு ஃபோன் போட்டு மகனை வேறு பங்க்குக்கு மாற்றச் சொல்வது ஒன்று. "ஆம்பளப் புள்ள இப்படி அழலாமா? உங்கப்பா எப்படி இருந்தாரு தெரியுமா?" என்று வாயை அடைப்பது இன்னொன்று. இரண்டாவது மோசம், ஏனென்றால் அடுத்த முறை அவன் சொல்லவே மாட்டான். முதலில் கேளுங்கள், குறுக்கே பேசாமல். சோர்வு, வீட்டு நினைப்பு, திட்டு வாங்கிய அவமானம், தெக்கோங் பேய்க் கதைகள் எல்லாம் பெரும்பாலும் முதல் வாரத்தோடு அடங்கிவிடும். காய்ச்சலையோ வலியையோ மறைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போகிறான் என்றால், யாராவது அடிக்கிறார்கள் அல்லது தொடர்ந்து சீண்டுகிறார்கள் என்றால், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற மாதிரிப் பேசினால், அன்று இரவே கமாண்டரைக் கூப்பிடுங்கள். ராணுவத்தின் 24 மணி நேர ஆலோசனைத் தொலைபேசியும் இருக்கிறது. அப்போது நாகரிகம் பார்க்க வேண்டாம்.

உயிர்ப்பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். 2018, 2019 ஆண்டுகளில் பயிற்சியின்போது உயிர்கள் போயின. அதன் பிறகுதான் பாதுகாப்பைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் என்று தனியாக ஒன்றை அமைத்தார்கள். வெப்பநிலை பார்த்து ஓய்வு நேரம் கூட்டுவது, எல்லோரையும் வரிசையில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கவைப்பது எல்லாம் அங்கே கண்டிப்பாக நடக்கிறது. இவ்வளவு ஏற்பாடும் பையன் "உடம்பு சரியில்லை" என்று வாய் திறந்தால்தான் முழுப் பயன் தரும். "சின்ன வலிக்கெல்லாம் சொல்லாதே, சோம்பேறின்னு நினைப்பாங்க" என்று சொல்லி அனுப்பும் அப்பாக்கள் தயவு செய்து அதை விடுங்கள்.

காட்டுக்குப் போகும் கடிதம்

ஃபீல்ட் கேம்ப் என்று சில நாட்கள் காட்டில் தங்கவைப்பார்கள். குளியல் கிடையாது, பவுடர்தான். படுப்பதற்குத் தானே குழி வெட்ட வேண்டும், அதற்குள் மழை பெய்தால் சேறு. பல கம்பெனிகளில், அதாவது பயிற்சிப் பிரிவுகளில், பெற்றோரிடம் முன்கூட்டியே ஒரு கடிதம் கேட்டு வாங்கிவைத்திருந்து, அங்கே ஓர் இரவில் பையன்களிடம் கொடுக்கிறார்கள். எத்தனையோ முரட்டுப் பையன்கள் டார்ச் வெளிச்சத்தில் உடைந்துபோகும் இரவு அது.

இந்தக் கடிதத்தில்தான் நம்மவர்கள் புத்திமதி எழுதுகிறார்கள். ஒழுக்கம், நேரம் தவறாமை, பெரியவர்களுக்கு மரியாதை. அதைத்தானே அங்கே காலையிலிருந்து கத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? இன்னும் சிலர் பாட்டி ஆஸ்பத்திரியில் இருப்பதை, வீட்டுக் கடனை எழுதிவிடுகிறார்கள். சேற்றுக்குள் உட்கார்ந்து அவன் என்ன செய்ய முடியும்? அவனைப் பற்றி எழுதுங்கள். சிறு வயதில் அவன் செய்த ஒரு குறும்பு, அவன் இல்லாததால் வீட்டில் யார் யார் எதற்குச் சண்டை போடுகிறார்கள், அவன்மேல் உங்களுக்கு இருக்கும் பெருமை. நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதை எழுதுவதற்குக் கிடைத்த வாய்ப்பு இது. அப்பாவும் தனியாக எழுதட்டும், அம்மாவின் கடிதத்தின் கீழே கையெழுத்து மட்டும் போடாமல். தமிழில் எழுதினால் மகன் தடுமாறாமல் படிப்பானா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில்தான் சரளம் என்றால் ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாம், அந்த இரவு தமிழ்ப் பாடம் எடுப்பதற்கு இல்லை.

முதல் புக் அவுட்

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வருகிறவனுக்கு வேண்டியது தூக்கம். நாம் ஏற்பாடு செய்துவைத்திருப்பது வெள்ளிக்கிழமை இரவு விருந்து, சனிக்கிழமை கோயில், மதியம் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழையிலைச் சாப்பாடு, மாலையில் மொட்டைத் தலையைப் பார்க்க வரும் உறவுக்கூட்டம். எல்லாரும் தலையைத் தடவிப் பார்த்து, மலாய் மொழியில் ஆணை சொல்லிக் காட்டச் சொல்லி, படமும் எடுப்பார்கள். ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். நண்பர்களைப் பார்க்கக் கிளம்பினால் முகம் சுளிக்க வேண்டாம். துணியை அவனே துவைக்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள், அங்கே அதைத்தான் செய்கிறான். திரும்பிப் போகும் நேரத்தில் மட்டும் கறாராக இருங்கள். "இன்னும் அரை மணி நேரம் இருந்துட்டுப் போ" என்று பிடித்துவைத்தால் தாமதத்துக்கான தண்டனை அவனுக்குத்தான்.

போஸ்டிங்

பயிற்சியின் முடிவில் 24 கிலோமீட்டர் நடை, அதன் பிறகு அணிவகுப்பு, தொப்பிகளை வானத்தில் எறிவது. சில நாட்களில் அடுத்து எங்கே என்று தெரியவரும். ஓசிஎஸ் என்ற ஆபீசர் பள்ளிக்கும், சார்ஜெண்டுகளை உருவாக்கும் ஸ்பெஷலிஸ்ட் பள்ளிக்கும் போகிறவர்கள் ஒரு பகுதிதான். மற்றவர்கள் காலாட்படை வீரராக, ஓட்டுநராக, கிளார்க்காக, ஸ்டோர்மேனாகப் போகிறார்கள். யார் தலைமைக்குத் தகுதி என்பதில் கூட இருந்த பையன்களின் மதிப்பீட்டுக்கும் இடமுண்டு, ஆகவே இதை டியூஷன் வைத்து வாங்க முடியாது. "அவங்க பையன் ஓசிஎஸ் போயிட்டானாம்" என்று மகன் காதுபடச் சொல்லாதீர்கள். அவனுக்கு உங்களுக்கு முன்பே தெரியும்.

பிடிக்காத இடம் கிடைத்ததென்று தொகுதி எம்.பி. நடத்தும் மக்கள் சந்திப்புக்குப் போய் அவரிடம் கடிதம் கேட்பவர்களும் உண்டு. வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்பது போன்ற நிஜக் காரணம் இருந்தால் போகலாம், முதலில் பையன் தன் கமாண்டரிடம் பேசட்டும். காரணம் கௌரவம் மட்டும்தான் என்றால், கிளம்பும் முன் மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பல நேரம் அவனுக்கு அந்த ஸ்டோர் வேலை பிடித்திருக்கும்.