சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையா? அது போதாது

ஜூன் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும்: "சார், எத்தனை வயசுல துப்பாக்கி சுடக் கத்துக்கொடுக்கலாம்?" கேட்பவர்களில் சிலருக்கு மகன் தொடக்கநிலை மூன்றில் இருப்பான். சிலருடைய மகள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, இணைப்பாட நடவடிக்கையாகச் சுடுதலைத் தேர்ந்தெடுத்திருப்பாள். இன்னும் சிலருக்கு ஆஸ்திரேலியாவில் மச்சான். "பண்ணையில முயல் வேட்டைக்குக் கூப்பிடுறார், அதுக்கு முன்னாடி இங்க கொஞ்சம் பழகிக்கட்டுமே" என்று வருவார்கள்.

நாங்கள் பழகத் தொடங்கிய காலத்தில் எங்களைச் சுற்றி நடந்த அதே தவறுகள் இப்போதும் வரிசை மாறாமல் நடக்கின்றன. விரலை ட்ரிகரில் வைக்காதே, குழலை ஆள் பக்கம் திருப்பாதே என்பதையெல்லாம் ரேஞ்சில் முதல் நாளே காது புளிக்கச் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். பிள்ளை தயாரா என்று முடிவெடுப்பதில் பெற்றோர் எங்கே சறுக்குகிறார்கள் என்பதுதான் எனக்குச் சொல்ல வேண்டியது.

வயதை மட்டும் பார்ப்பது

சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோவை உதாரணம் காட்டாத அப்பா இல்லை. 2014ல் மியூனிக் உலகக் கிண்ணப் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 14. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில் இரண்டு தங்கம். உடனே ஒரு கணக்கு வரும்: பதினாலில் தங்கம் என்றால் ஏழில் தொடங்க வேண்டாமா?

வயது வரம்பு இருக்கிற நாடுகளில்கூட அது உள்ளே விடுகிற வயதுதான், தகுதிச் சான்று இல்லை. ஜெர்மனியில் மன்றங்களில் பெற்றோர் சம்மதத்துடன் 12 வயதில் காற்றுத் துப்பாக்கியைத் தொடலாம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுப்பது ஒளியை மட்டும் பாய்ச்சுகிற துப்பாக்கி. அங்கே பன்னிரண்டு முடிந்த எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிடுவதில்லை.

உடம்பையும் பார்க்க வேண்டும். போட்டி ஏர் ரைஃபிள் அதிகபட்சம் 5.5 கிலோ வரை இருக்கலாம். புழக்கத்தில் உள்ளவை பெரும்பாலும் நாலு கிலோவுக்கு மேல். 30 கிலோ பிள்ளைக்கு நாலரைக் கிலோ என்பது தன் எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அதைத் தூக்கிக்கொண்டு இடுப்பை முன்தள்ளி, முதுகைப் பின்னால் சாய்த்து நிற்க வேண்டும். வளர்கிற முதுகு. தாங்கியில் வைத்துச் சுடப் பழக்குகிற பயிற்றுநர் கிடைத்தால் சின்னவர்களுக்கு அதுவே போதும். "எம் பையன் நின்னுக்கிட்டே சுடுவான்" என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை.

நான் பார்ப்பது வேறொன்று. துப்பாக்கியை உயர்த்தி, குறி நிற்கவில்லை என்றால், சுடாமலே இறக்கி வைக்கத் தெரிகிறதா? போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் கொடுக்கிறார்கள். ஒரு குண்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேலேயே கிடைக்கிறது. அவசரம் யாருக்கும் இல்லை. ஆனாலும் தூக்கிவிட்டோம் என்பதற்காகவே சுடுகிற பிள்ளைகள்தான் அதிகம். வீட்டில் கேரம் ஆடும்போது கவனியுங்கள். ஸ்ட்ரைக்கரை வைத்து, கோணம் பார்த்து, "இது வேணாம்" என்று வேறு இடத்துக்கு நகர்த்துகிற பிள்ளைக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே வந்துவிட்டது.

டிஎஸ்ஏ கணக்கு

டிஎஸ்ஏ என்பது திறமையைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் நேரடியாக இடம் பிடிக்கும் வழி. அதற்காகத் தொடக்கநிலை ஐந்தில் சேர்த்து ஆறில் சான்றிதழ் எதிர்பார்த்தால், கிடைப்பது தோள்வலி.

"எங்க பையன் சொன்ன பேச்சை மீற மாட்டான்"

இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். பெற்றோர் இதைத் தகுதியாகச் சொல்கிறார்கள். சொல்வதைக் கேட்பது தேவைதான்; 'ஸ்டாப்' என்ற குரல் வந்தால் பாதி மூச்சில், பாதி அழுத்தத்தில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பதில் இரண்டு வகை உண்டு. காரணம் புரிந்து கேட்கிற பிள்ளை ஒன்று. திட்டுக்குப் பயந்து கேட்கிற பிள்ளை இன்னொன்று. இரண்டாவது பிள்ளை தவறு செய்தால் மறைக்கும். கணக்குத் தாளை மறைத்தால் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவுதான். ரேஞ்சில் மறைத்தால்?

பதினொரு வயதுப் பையன் ஒருவன். நல்ல கை, அமைதியான மூச்சு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டான். ஒரு வாரம், கட்டளை வருவதற்கு முன்பே பெல்லட்டை, அதாவது அந்தச் சின்ன ஈயக் குண்டை, துப்பாக்கியில் போட்டுவிட்டான். புதியவர்கள் எல்லாரும் செய்வதுதான். பயிற்றுநர் சொல்லித் திருத்தினார், முடிந்தது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற அப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. வெளியே வந்ததும் அத்தனை பேர் முன்னாலும் பிடித்து ஏசினார்.

அடுத்த வாரம் நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏர் ரைஃபிளில் சேஃப்டி ஃப்ளாக் என்று பளிச்சென்ற நிறத்தில் ஒரு நைலான் இழை உண்டு. பெல்லட் போடும் வாய் வழியாக உள்ளே விட்டால் குழல் முழுக்க ஓடி, முனையில் வெளியே எட்டிப் பார்க்கும். பார்த்தால் குழல் காலி என்று அர்த்தம். உள்ளே பெல்லட் இருந்தால் இழை முட்டிக்கொண்டு நின்றுவிடும். குழலுக்குள் போன பெல்லட்டைக் கையால் எடுக்கவும் முடியாது. கையை உயர்த்தி, "உள்ள இருக்கு" என்று சொல்ல வேண்டும். அதிகாரி வந்து, பாதுகாப்பான திசையில் சுட்டு வெளியேற்ற அனுமதி கொடுப்பார். அரை நிமிட வேலை. யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

அன்றைக்கு ஒரு தடத்தில் இலக்கு அட்டை மாட்டிக்கொண்டது. முன்னால் ஆள் போய்ச் சரிசெய்ய வேண்டும் என்பதால் 'ஸ்டாப்' சொன்னார்கள். எல்லாரும் துப்பாக்கியை இறக்கி, இழையைச் செருகிவிட்டுப் பின்னால் வந்தார்கள். இவனும் வந்தான். முன்னால் ஆளை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியின் முனையையும் பார்த்துக்கொண்டே போவது ரேஞ்சில் வழக்கம். ஆறாவது துப்பாக்கியின் முனையில் இழை இல்லை. வாயில் ஒரு விரல் நீளம் மட்டும் செருகி, மீதியை வெளியே தொங்கவிட்டிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் மற்ற துப்பாக்கிகளைப் போலவே இருந்தது. உள்ளே பெல்லட்.

"ஏன்பா சொல்லல?"

"அப்பா பாத்துக்கிட்டு இருந்தார், கோச்."

அப்பாவைக் கூப்பிட்டு விளக்கினோம். அவர் சொன்னது: "சாரி சார், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாக் குடுக்கிறேன், இனிமே செய்ய மாட்டான்." என்ன நடந்தது என்று அவருக்குக் கடைசி வரை புரியவே இல்லை. ஒரு பருவக் கட்டணம் மீதியிருக்கும்போதே பையன் வருவதை நிறுத்திவிட்டான். அந்தக் கையையும் அந்த மூச்சையும் நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

அதே குழுவில் ஒரு சிறுமி. வாய் ஓயாது. எதைச் சொன்னாலும் "ஏன் கோச்?" ஒரு நாள் நடு வரிசையில் கையைத் தூக்கி, "கோச், நான் லோடு பண்ணேனா இல்லையான்னு மறந்துபோச்சு" என்றாள். பின்னால் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வரிசையிலேயே துப்பாக்கியைத் தொடத் தகுதியான பிள்ளை அவள்தான் என்று பட்டது.

உங்கள் பிள்ளை எந்த வகை என்று தெரிந்துகொள்ள ரேஞ்சுக்கு வரத் தேவையில்லை. வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால், நீங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே வந்து சொல்கிறதா? சொல்வதெழுதுதலில் பத்துக்கு நாலு வாங்கிய தாளைத் தானாக நீட்டுகிறதா, பையின் அடியில் மடித்து வைக்கிறதா? அடியில் மடித்து வைக்கிற பிள்ளைக்கு இன்னும் நேரம் ஆகவில்லை. அதில் பிள்ளையின் குற்றம் பாதிதான்.

ஏற்கெனவே சேர்த்துவிட்டவர்களுக்கு: பயிற்சி நேரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்காமல் காப்பிக் கடைக்குப் போய் ஒரு கோப்பி குடியுங்கள். திரும்பும்போது எம்ஆர்டியில் "எத்தனை பாயிண்ட்?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு எங்க தப்புப் பண்ணின?" என்று கேளுங்கள். பதில் வரும்போது முகம் மாறாமல் இருக்க வேண்டும். சிரமம்தான், எனக்குத் தெரியும். ஒரு மாதம் செய்து பாருங்கள், பிள்ளை தானாகவே சொல்லத் தொடங்கும்.

"வளர்ற பிள்ளைதானே" என்று பெரிய ஜாக்கெட்

தீபாவளிச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிற பழக்கம் இங்கே உதவாது. சுடுதல் ஜாக்கெட்டின் வேலையே முதுகைப் பிடித்து நிறுத்துவது. தொளதொளவென்று இருந்தால் அது வெறும் பாரம். துணியின் கனம் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்து, போட்டியில் அளந்தே பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட உடுப்பை உத்தேசமாக வாங்கி, பல நூறு வெள்ளியைத் தொலைக்காதீர்கள். தொடக்கத்தில் ஜாக்கெட்டே வேண்டாம். பிறகு மன்றத்தில் இருக்கும் பழையதை இரவல் வாங்குங்கள்.

எந்தக் கண் என்று பார்க்காதது

இரண்டு கையையும் நீட்டி, நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் மறையாமல் நிற்கிறதோ அதுதான் குறிக் கண். இதைப் பயிற்றுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ரேஞ்சில் முறுக்கு

பெல்லட் ஈயம். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் எதுவும் வாய்க்குப் போக வேண்டும், அம்மா ஊட்டினாலும் சரி.

வீட்டில் பழக ஏர்சாஃப்ட் ஆர்டர் பண்ணுவது

உரிமம் இல்லாமல் சிங்கப்பூருக்குள் கொண்டுவர முடியாது. பார்சல் வராது, விசாரணை வரும்.

அட்டையில் பத்து எடுத்தால் வேட்டைக்கும் தயார் என்று நினைப்பது

சிங்கப்பூரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வனவிலங்குச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் காட்டு விலங்கைக் கொல்வதோ பிடிப்பதோ மட்டுமல்ல, அதற்குத் தீனி போடுவதுகூடக் குற்றம். ஆகவே வேட்டை என்றால் வெளிநாடு. ஜொகூர்த் தோட்டத்துப் பெரியப்பா காட்டுப்பன்றிக் கதை சொல்லியிருப்பார். அங்கேயும் துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம், வேட்டைக்குப் பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறையின் உரிமம் எல்லாம் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 12 வயது முதல் இளையோர் உரிமம் கொடுக்கிறார்கள். அதுவும் உரிமம் பெற்ற பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஜெர்மனியில் இளையோர் வேட்டை உரிமத்துக்கு 16 ஆக வேண்டும், அப்போதும் தனியாகப் போக முடியாது. மச்சான் ஆசையாக "சும்மா ஒரு ஷாட்" என்று நீட்டினால், முதலில் கேட்க வேண்டியது உரிமத்தைப் பற்றி.

காகிதமும் மிருகமும் ஒன்றல்ல. ரேஞ்சில் 10 மீட்டர் தள்ளி, வெளிச்சத்தில், அசையாமல் ஒரு கறுப்பு வட்டம். அதன் நடுவில் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. பின்னால் சுவர். நிறுத்தச் சொல்ல அதிகாரி. அந்தி நேரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே சருகு சலசலக்கும்போது இதில் ஒன்றுமே கிடையாது. அசைவது பன்றியா, பால் வெட்டிவிட்டுத் திரும்புகிற ஆளா? குண்டு தவறினால் எங்கே போய் நிற்கும்? அங்கே 'ஸ்டாப்' சொல்ல வேண்டியது பிள்ளையேதான். ஒரு மாலை முழுக்கக் காத்திருந்து, தெளிவாகத் தெரியவில்லை என்று சுடாமல் திரும்பி, அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாத பிள்ளையாக இருக்க வேண்டும். பெரியவர்களிலேயே அப்படிப்பட்டவர்கள் குறைவு.

முதல் சில தடவை துப்பாக்கி இல்லாமல் கூட்டிப் போங்கள். டார்ச் பிடிக்கட்டும், தண்ணீர் தூக்கட்டும். விழுந்த முயலை எடுத்து வரட்டும். கையில் அது இன்னும் சூடாக இருக்கும். வயிற்றைக் கீறும்போது வருகிற வாடை காணொளியில் வராது. அதைப் பார்த்துப் பிள்ளை அழுதால் பெற்றோர் பதறிப்போய், "இவனுக்கு இது சரிப்படாது" என்று முடிவு கட்டுகிறார்கள். அழுகிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அழுதுவிட்டு மறுபடி வருகிறேன் என்றால் வரட்டும், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடிபட்டுத் துடிப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனை நீட்டிப் படம் எடுக்கிற பிள்ளையிடம் மட்டும் இப்போதைக்கு எதையும் கொடுக்காதீர்கள்.

தாய்லாந்து ஞாபகப் பொருள்

சுற்றுப்பயணிகளுக்கான ரேஞ்சில் பிள்ளை நாலு தோட்டா சுட்டது பயிற்சிக் கணக்கில் வராது. அங்கே பொறுக்கிய காலி உறையைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். காலிதானே என்று வாதாட முடியாது, உரிமம் இல்லாமல் இங்கே கொண்டுவரக் கூடாத பொருள் அது. சாங்கி ஸ்கேனரில் அப்பட்டமாகத் தெரியும். விடுதியை விட்டுக் கிளம்புவதற்கு முன் பிள்ளையின் பென்சில் பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.