பங்குனி ஆமையும் உங்கள் செல்போன் டார்ச்சும்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை, சென்னை, நாகப்பட்டினம் பக்கம் ராத்திரி கடற்கரைக்குப் போனால் டார்ச்சை அணைத்துவிடுங்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் அது. பொரிந்து வரும் குஞ்சு உள்ளங்கையில் அடங்கிவிடும். கடல்மேல் தெரியும் மங்கிய வெளிச்சத்தை நம்பித்தான் நடக்கும். நம் விளக்கைப் பார்த்தால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும், பாவம்.

இன்னொரு விஷயம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சுமார் 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே. பூமி சூடாகச் சூடாக ஆண் ஆமை குறையும். சூடு ரொம்ப ஏறினால் முட்டையே பொரியாது. கடலோர உயிரினம் ஒன்றைப் பருவநிலை மாற்றம் எப்படித் தொடுகிறது என்று குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முட்டைக்குழி கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.